ஃபில்டர் சோதிக்க மலிவாக ஒரு ஆர்எஃப் (றேடியோ அலை) இரைச்சல் மூலத்தை வீட்டில் செய்ய முடியுமா?

செய்யலாம் தம்பி. கேட்ட விதத்தைப் பார்த்தால் கையில் ஒரு ஆர்டிஎல் டொங்கிள் (கணினியில் செருகும் மலிவான றேடியோ ரிசீவர்) இருக்கிறது, எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்கக் காசில்லை. என் கதையும் அதுதான்.

போன வருசம் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை எஃப்எம்மை வெட்டுகிற ஃபில்டர் ஒன்று செய்தேன். வெட்டுகிறதா என்று பார்க்க, அலைவரிசை முழுக்க ஒரே அளவாக இருக்கும் இரைச்சல் வேணும். லாச்சியில் கிடந்த 4.7 வோல்ட் ஸீனர் டையோடை (தலைகீழாகக் கொழுவினால் குறித்த வோல்ட்டில் உடைந்து கரண்டை விடுகிற சாமான்) போட்டு அரை நாள் மினக்கெட்டேன், ஒரு அசைவும் இல்லை. 5 வோல்ட்டுக்குக் கீழே உள்ள ஸீனர் அமைதியான சாமான், அவலாஞ்ச் (எலக்ட்ரான்கள் பனிச்சரிவு மாதிரிப் பெருகுவது) நடக்கிற பெரிய வோல்ட் ஸீனர்தான் இரையும் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. 12 வோல்ட் ஸீனர் ஒரு பிளேன்ரீ காசுகூட வராது, ஆனால் கடைக்குப் போகப் பஞ்சி. அதனால் கையிலிருந்த பிசி547 ரான்சிஸ்டர் ஒன்றின் எமிட்டரைப் பிளஸ் பக்கமும் பேஸை மைனஸ் பக்கமும் கொழுவி, கலெக்டரைச் சும்மா விட்டேன். அது 8, 9 வோல்ட் அளவில் உடையும், அதனால் 9 வோல்ட் பற்றறி காணாது. 12 வோல்ட் அடாப்டர், தொடரில் 10 கிலோஓம் தடை. பெருக்குவதற்கு, தூர்தர்ஷன் பிடிக்க ஒரு காலத்தில் கூரையில் வைத்திருந்த அன்ரனா பூஸ்டர். அதிலிருந்து சிக்னல் வெளியே வருகிற பக்கத்தில் 220, 56, 220 ஓம் தடைகள் போட்டு 6 டெசிபெல் குறைத்தேன், இல்லாவிட்டால் ஃபில்டரின் வளைவு கோணலாகத் தெரியும்.

திரையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முள் முள்ளாக வந்தது. சந்தோசப்பட்டு, ஒரு சந்தேகத்தில் ரான்சிஸ்டரைக் கழற்றினால் முள் அப்படியே நிற்கிறது! அவ்வளவும் அடாப்டரின் வேலை. மோட்டார்சைக்கிள் பற்றறிக்கு மாற்றிய பிறகுதான் தட்டையான புல்லுத்தரை மாதிரி வந்தது, ஃபில்டரைப் போட்டதும் நடுவில் ஒரு பள்ளம்.

ஈஎன்ஆர் (மூலம் எவ்வளவு இரைகிறது என்ற அளவு) தெரியாமல் நொய்ஸ் ஃபிகர் (ஒரு பெருக்கி தானாகச் சேர்க்கும் இரைச்சல்) அளக்க முடியுமா, டீவி வயரின் 75 ஓமையும் றேடியோச் சாமான்களின் 50 ஓமையும் கலக்கலாமா என்று யாரும் சண்டைக்கு வரமுன் நானே சொல்கிறேன், முடியாது, கலக்கவும் கூடாது. ஃபில்டர் இல்லாமல் ஒரு கோடு, போட்டு ஒரு கோடு, வித்தியாசம் பார்க்க இது காணும். அந்த பிசி547ஐ வேறு வேலைக்குப் போடாதீர்கள், கெயின் (பெருக்கும் திறன்) செத்திருக்கும். இந்த இரைச்சல் மூலத்தில் அன்ரனா கொழுவவே வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், இரைச்சலைச் செய்ய வேண்டியிருப்பதே எனக்குச் சிரிப்பு. 90களில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, அப்பா டைனமோ கரண்டில் றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்பார். கை சோர்ந்தால் செய்தி பாதியில் நின்றுவிடும், ஆனால் ஊர் முழுக்க மின்சாரமில்லாததால் ஒரு கீச்சு மூச்சுக்கூட இராது. இப்போது பக்கத்து வீட்டார் மலிவு எல்ஈடி பல்ப்பைப் போட்டார்களென்றால் மீடியம் வேவ் முழுக்க ஸ்ஸ்ஸ். சொல்லிப் பார்த்தோம், பல்ப்புக்கும் றேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். அப்பா பொழுதுபட்டதும் றேடியோவை நிற்பாட்டிவிட்டு முற்றத்தில் போய் இருந்துவிடுவார்.