குளிர்காலத்தை ஒட்டி நடக்கும் மார்ட்டின்ஸ்வில் கார் பந்தயத்தில் வானிலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு மைலுக்கும் குறைந்த சுற்றளவுள்ள நீள்வட்டத் தடத்தை ஷார்ட் டிராக் என்பார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1947-இல் திறக்கப்பட்ட மார்ட்டின்ஸ்வில் தடத்தின் சுற்றளவு 0.526 மைல்தான், அதன் நேர்ப்பகுதிகள் தாரினாலும் வளைவுகள் கான்கிரீட்டினாலும் ஆனவை. நாஸ்கார் என்னும் அமெரிக்கக் கார் பந்தயத் தொடர் ஆண்டுக்கு இருமுறை அங்கே வருகிறது, அவற்றில் இரண்டாவது பந்தயம் இலையுதிர்காலத்தில், பெரும்பாலும் அக்டோபர் இறுதியை ஒட்டி நடைபெறுகிறது.

வெயிலில் இளகிய வெல்லம் கையில் ஒட்டிக்கொள்ளும், குளிரில் இறுகியது பொடிந்து உதிரும் அல்லவா? டயரிலிருந்து தேயும் ரப்பரும் அப்படித்தான்: தரை சூடாக இருந்தால் கான்கிரீட்டில் படிகிறது, குளிர்ந்திருந்தால் படியாமல் துணுக்குகளாக வளைவின் வெளிப்புறத்தில் குவிகிறது. அத்துணுக்குகளின் மேல் ஏறும் கார் பிடிப்பை இழந்து வழுக்குவதால், ஓட்டுநர்கள் அனைவரும் உட்புறத்தையே நாடுகிறார்கள், முந்துவது கடினமாகிறது. ஆகவே பந்தயத்துக்குக் காத்திருப்பவர்கள் ஓட்டுநர் வரிசையைவிட ஞாயிற்றுக்கிழமை வெயில் அடிக்குமா என்பதையே முதலில் பார்க்கலாம் என்பது என் கருத்து.

குளிரில் கார்கள் மெதுவாக ஓடும் என்று பலர் எண்ணுவது சரியன்று. அடர்த்தியான குளிர்காற்று எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜனைத் தருவதால், தனியாக ஓடும் காரின் வேகம் பெரும்பாலும் கூடவே செய்கிறது.