ஒரே கேம் இருபது தடவை வருகிறது, காசு கட்டினால் சரியாகுமா?

கேள்வி: என் சொந்த டிஸ்க், கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த ப்ளேஸ்டேஷன் 1, மெகா டிரைவ் கேம்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, கேம்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் இலவச லைப்ரரி சாஃப்ட்வேர் ஒன்றை ஸ்கேன் செய்யவிட்டேன். ஒரே கேம் இருபது தடவை வருகிறது, சிலது வேறு கன்சோல் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது, மூன்று டிஸ்க் கேம் மூன்று கேமாக நிற்கிறது. இதே வேலையைச் செய்யும் லாஞ்ச்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேரின் காசு கட்டும் பதிப்பான பிரீமியத்தை வாங்கிவிடலாமா?

பதில்: இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். கேம்களைத் தேடிச் சேர்க்கிற வேலையை அதன் இலவசப் பதிப்பே செய்யும், பிரீமியம் காசு டிவி முன்னால் சாய்ந்துகொண்டு கன்ட்ரோலரில் மேய்கிற ‘பிக் பாக்ஸ்’ திரை மாதிரியான வசதிகளுக்கு.

கோளாறு உங்கள் ஃபோல்டரில் இருக்கிறது. பெரும்பாலான சாஃப்ட்வேர் முதலில் பார்ப்பது கோப்புப் பெயரின் வால் பகுதியைத்தான், அது இனிஷியலை மட்டும் வைத்து ஆளைத் தேடுகிற கதை. ‘.பின்’ (.bin) என்று முடிந்தால் மெகா டிரைவ் கேமாக இருக்கலாம், அட்டாரி 2600 ஆக இருக்கலாம், ப்ளேஸ்டேஷன் டிஸ்க்கின் ஒரு பாட்டு டிராக்காகவும் இருக்கலாம். ‘.ஐஎஸ்ஓ’வும் அப்படித்தான், பிஎஸ்2, பிஎஸ்பி, கேம்க்யூப் எல்லாவற்றுக்கும் அதே வால்.

பழைய கேம்களை ஓடவிடும் இலவச சாஃப்ட்வேரான ரெட்ரோஆர்ச் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கும். கார்ட்ரிட்ஜ் கேம் என்றால் கோப்பின் கைரேகை மாதிரியான சிஆர்சி எண்ணைக் கணக்கிட்டு, அசல் கேம்களின் எண்களைத் தொகுத்த ‘நோ-இன்ட்ரோ’ பட்டியலோடு ஒப்பிடும், ப்ளேஸ்டேஷன் டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் சீரியல் எண்ணைப் படிக்கும். அதனால் பெயரை நீங்கள் எப்படி மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும், ஆனால் ரசிகர்கள் செய்த மொழிபெயர்ப்பு பேட்சைப் போட்டு நாலு பைட் மாறியிருந்தால் சிஆர்சி பொருந்தாமல் அந்த கேமைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதற்கு, எந்த கன்சோல் என்று நீங்களே சொல்லிச் சேர்க்கிற மேனுவல் ஸ்கேன் இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது. கன்சோலுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரியுங்கள், ஸ்கேன் செய்யும்போது எது எந்த கன்சோல் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ப்ளேஸ்டேஷன் ஃபோல்டரில், டிஸ்க்கின் ‘.பின்’ டிராக்குகளின் பெயர்ப் பட்டியலான ‘.க்யூ’ (.cue) கோப்பை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், அந்த இருபது நகல்களும் அநேகமாக இருபது டிராக்குகள்தான். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிடும் மேம் (MAME) எமுலேட்டரோடு இலவசமாக வரும் ‘சிஎச்டிமேன்’ கருவியால் டிஸ்க் ஒவ்வொன்றையும் ஒரே ‘.சிஎச்டி’ (.chd) கோப்பாக்கலாம், இடமும் மிச்சம். மூன்று டிஸ்க் கேமுக்கு, மூன்று கோப்பின் பெயரையும் வரிக்கு ஒன்றாக நோட்பேடில் எழுதி ‘.எம்3யு’ (.m3u) என்று சேமித்து, லைப்ரரியில் அதை மட்டும் சேருங்கள்.

பின்னால் ஆர்கேட் கேம் சேர்த்தால் அந்த ஜிப் கோப்புகளின் பெயரில் கை வைக்காதீர்கள், மேம் அந்தக் குட்டிப் பெயரை வைத்துத்தான் கேமை அடையாளம் காண்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ப்ளேஸ்டேஷன் கேம் பட்டியலில் வந்து, திறக்க மட்டும் மறுத்தால், அதன் ‘.க்யூ’வை நோட்பேடில் திறந்து பாருங்கள், ‘.பின்’ கோப்பின் பெயரை நீங்கள் மாற்றியிருந்தால் பழைய பெயர் உள்ளே அப்படியே இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.