சபைக்குள் சாதி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சபையிலும் சாதி இருக்கிறது, சாதி கடந்த திருமணங்களில் சபை பிள்ளைகளின் பக்கம் நிற்க வேண்டும் என்ற உங்கள் கட்டுரையை வாசித்தேன். எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளில்) எல்லாரும் ஒரே கிண்ணத்தில்தான் திருவிருந்து எடுக்கிறோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் குடும்ப விஷயம். அதில் சபைக்கு என்ன வேலை? சிறுபான்மையினரான நமக்கு இவ்வளவு நெருக்கடி இருக்கும்போது வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டுமா?

ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

நெருக்கடி உண்மைதான். ஆனால் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? சிதறடிக்கப்பட்டு, பலவிதச் சோதனைகளில் அகப்பட்டிருந்தவர்களுக்கு. அவர்களிடம்தான், பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுக்கிறீர்களே என்று யாக்கோபு கேட்கிறார். ஊர் வழக்கம் என்று விட்டுவிடவில்லை, பாவம் என்கிறார்.

தெருவுக்கு இதை முதலில் கொண்டுபோனதும் நாம்தான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். இந்த அநீதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறோம். அங்கே நம் வாதம் என்ன? ஞானஸ்நானம் எடுத்த பிறகும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதுதான். டெல்லியில் சொல்வதை ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் மறைப்பது எனக்குப் பெரும் வேதனை.

ஒரே கிண்ணம் என்கிறீர்கள். உங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தைப் பாருங்கள். 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில் அது. கால்சட்டையின் இரு கால்கள்போல இரண்டு நீண்ட மண்டபங்கள், இரண்டும் சேரும் இடத்தில் பீடம், இடையே சுவர். பிள்ளைமாரும் முதலியாரும் ஒரு பக்கம், நாடார்கள் மறுபக்கம். இரு தரப்பாருக்கும் பீடம் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ஒரே குரு, ஒரே திருப்பலி! 'நாங்களும் ஒரே அப்பத்தைத்தான் உண்கிறோம்' என்று அவர்களும் சொல்லியிருக்க முடியும். 1910இல் கத்தோலிக்கக் குருவான கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். சுவரை இழந்தவர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்தவனோடு உட்கார மாட்டேன் என்று நீதிமன்றப் படியேறிய அந்த வழக்கை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

திருமணத்துக்கு வருகிறேன். யாரும் யாருக்கும் கட்டாயமாகப் பெண் கொடுக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. சபையின் இரண்டு பிள்ளைகள் சாதி கடந்து விரும்பினால் சபை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே என் கேள்வி. அவர்களுடைய திருமண அறிவிப்பை வாசித்து, ஆலயத்திலேயே மணமுடித்து வைத்து, மறுநாள் வீட்டு வாசலில் கூட்டம் கூடினால் குருவானவரும் மூப்பர்களும் போய் முன்னால் நிற்க வேண்டாமா? பெற்ற பிள்ளைகளைச் சாதிக்காகக் கொல்லும் ஊரில் இது வெறும் குடும்ப விஷயம் ஆகாது. அந்தப் பிள்ளைகள் பதிவு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஓடினால், சபை அவர்களைக் கைவிட்டது என்றே பொருள்.

அடுத்த சேகரக் கமிட்டியில் இதைக் கேளுங்கள். அப்படியே உங்கள் கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே அடக்கம் செய்கிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். பிரசுரிக்கிறேன்.