ஐரோப்பிய ஒன்றியம் சமஷ்டியா?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தைச் சமஷ்டியாக்க (கூட்டாட்சியாக்க) வேண்டும் என்று பிரான்சில் இருக்கிற என் மகன் சொல்கிறான். இப்போது இருப்பது சமஷ்டி இல்லையா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: பாதிச் சமஷ்டி என்றே சொல்வேன். எங்கள் மாகாண சபைகளுக்கு 1987இல் அதிகாரம் கொழும்பிலிருந்து இறங்கி வந்தது. அங்கே நாடுகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பங்கை மேலே கொடுத்தன. கொடுத்தவர் விலகவும் முடியும். 2020இல் பிரித்தானியா விலகியது.

சிக்கல் வாக்களிப்பில்தான். பெரும்பாலான சட்டங்களுக்கு 27 நாடுகளில் 15 சம்மதிக்க வேண்டும்; அந்த நாடுகளில் ஒன்றியச் சனத்தொகையின் 65 வீதம் இருக்கவேண்டும். சனத்தொகைக் கணக்கைக் காட்டித் தடுப்பதற்குக் குறைந்தது 4 நாடுகள் சேரவேண்டும். மூன்று பெரிய நாடுகள் மட்டும் கூடி மற்றவர்களை மறிக்க முடியாது. மிக நல்ல ஏற்பாடு இது. ஆனால் வரி, வெளியுறவு என்று வந்தால் பெரும்பாலும் ஒரு நாடு மறுத்தாலே எல்லாம் நின்றுவிடும். சமஷ்டி கேட்பவர்கள் முதலில் நீக்கச் சொல்வது இதைத்தான். சட்டமூலத்தைத் தானே முன்வைக்கும் உரிமை ஐரோப்பிய பாராளுமன்றத்துக்கு வேண்டும் என்பது அடுத்தது.

இவற்றைச் செய்ய ஒன்றியத்தின் அடிப்படை உடன்படிக்கையை மாற்றவேண்டும்; அதை எல்லா நாடுகளும் அங்கீகரிக்கவேண்டும். 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் சர்வசன வாக்கெடுப்பில் மறுத்ததோடு ஐரோப்பிய அரசியலமைப்பு கைவிடப்பட்டது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையில் ஒரு குறுக்குவழி உண்டு: பாதுகாப்புத் துறை தவிர்ந்த விடயங்களில் நாடுகளின் தலைவர்கள் ஒருமனதாக முடிவெடுத்துப் பெரும்பான்மை வாக்குக்கு மாறலாம். ஆனால் ஏதாவது ஒரு நாட்டின் பாராளுமன்றம் 6 மாதத்துக்குள் எதிர்த்தால் அதுவும் சரிவராது.