மரத்தில் வாழும் டரான்டுலா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டரான்டுலா என்றால் முடி அடர்ந்த பெரிய சிலந்தி. இந்த முறை வந்த கேள்விகளில் தரையில் வாழும் டரான்டுலாவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாமே மரத்தில் வாழ்பவற்றைப் பற்றியவை. எனக்கு மகிழ்ச்சிதான். இங்கிலாந்துக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் வளர்த்திருப்பதும் அவற்றைத்தான்.

முதன்முறையாக டரான்டுலா வாங்கப் போகிறேன். கூட்டி சஃபயரின் நீல நிறத்தைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் பிடிக்கவில்லை, அக்கா. அதையே வாங்கிவிடட்டுமா? (லெஸ்டர்)

அந்த நீலத்துக்கு மயங்காதவர் யார்? ஆனால் முதல் சிலந்தியாக வேண்டாம் தம்பி. அதன் அறிவியல் பெயர் பொய்சிலோதீரியா மெட்டாலிகா. அமெரிக்க டரான்டுலாக்கள் பலவற்றுக்கு இருக்கும் அரிப்பு முடி இந்தப் பேரினத்துக்குக் கிடையாது. தப்பிக்க அதற்கு இருப்பது வேகமும் கடியும் மட்டும்தான். டப்பாவின் கதவைத் திறந்து நீங்கள் மூச்சு விடுவதற்குள் அது உங்கள் முழங்கையில் இருக்கும். கடித்துவிட்டால் அந்த இடத்து வலியோடு போகாது. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தசைப்பிடிப்பு வரலாம். சிலருக்கு அது அடங்கி, நாட்கள் கழித்துத் திரும்பவும் வந்திருக்கிறது. இதுவரை யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆனாலும் மருத்துவமனைக்கு ஓட வைக்கும் வலி அது.

முதலில் அவிகுலாரியா அவிகுலாரியா வாங்குங்கள். கடைகளில் 'பிங்க் டோ' என்பார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளைச் சேர்ந்தது. பயந்தால் ஓடும், தாவும், பின்பக்கத்தைத் திருப்பி எச்சத்தைப் பீய்ச்சும். கடிப்பது அபூர்வம், கடித்தாலும் லேசானது. அரிப்பு முடிகள் உண்டு, ஆனால் அது காற்றில் உதறிவிடாது. நம் தோல் அதன் மேல் பட்டால்தான் அரிக்கும். இரண்டு வருடம் இதோடு பழகிவிட்டு நீலத்துக்குப் போகலாம்.

அப்போது வாங்கும்போது இந்தக் கதையையும் நினைவில் வையுங்கள். ஆந்திராவின் குத்தி ஊரில் (ஆங்கிலத்தில் அதுதான் 'கூட்டி'), ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து 1899-ல் போகாக் என்ற விலங்கியலாளர் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். வந்திறங்கிய மரத்தோடு அதுவும் வந்திருக்க வேண்டும். அதன் பிறகு நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல்தான் நந்தியால், கித்தலூர் பக்கத்துக் காட்டில் மறுபடியும் கண்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். அதனால் வளர்ப்பில் பிறந்த குஞ்சுதானா, தாய் எங்கே வளர்ந்தது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொய்சிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-லிருந்து சைட்டிஸ் ஒப்பந்தத்தின், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பிங்க் டோ என்று சொல்லி ஒரு குஞ்சை விற்றார்கள். வந்து பார்த்தால் கால் முழுக்க இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. ஏமாற்றிவிட்டார்களா? (ஹாரோ)

இல்லை, சரியானதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். குஞ்சில் நிறம் தலைகீழாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கால் கறுத்துக்கொண்டே வரும், நுனி வெளுத்துக்கொண்டே வரும். கரீபியனில் இருக்கும் மார்த்தினிக் தீவின் வெர்சிகலர் என்ற மர டரான்டுலாவும் இப்படித்தான். குஞ்சில் அடர் நீலம், வளர்ந்த பிறகு பச்சையும் சிவப்பும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017-ல் இந்தப் பேரினத்தையே புரட்டிப் போட்டு ஆராய்ந்து, அவிகுலாரியாவில் 12 இனங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முன்பு அவிகுலாரியா வெர்சிகலர் என்று இருந்தது இப்போது கரிபெனா வெர்சிகலர். பழைய பெயரில் விற்பவர் மோசக்காரர் என்று எண்ண வேண்டாம், பட்டியலை மாற்றியிருக்க மாட்டார். ஆனால் அறிவியல் பெயரே சொல்லாமல் வெறும் 'மர டரான்டுலா' என்று விற்றால் வாங்காதீர்கள்.

ஈரப்பதம் 80 சதவீதம் வேண்டும் என்று படித்து, தினமும் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்தேன். இரண்டு அவிகுலாரியா குஞ்சுகளும் ஒரே மாதத்தில் இறந்துவிட்டன. நான் என்ன தவறு செய்தேன்? (பர்மிங்ஹாம்)

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என் முதல் குஞ்சு நினைவுக்கு வந்தது. நானும் அதே குறிப்பைப் படித்து அதே மாதிரிதான் தெளித்தேன். மூடியில் நான்கே ஓட்டை. உள்சுவர் எப்போதும் வியர்த்து நின்றது. ஒருநாள் காலையில் பார்த்தால் குஞ்சு அடியில் கிடந்தது, அதன் வலையில் வெள்ளையாகப் பூஞ்சை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

இந்தச் சாவுக்கு வளர்ப்பவர்கள் மத்தியில் தனிப் பெயரே உண்டு, ஏதோ புரியாத நோய் போல. நோய் எதுவும் இல்லை. ஈரத்தோடு காற்று தேங்குவதுதான் காரணம். மழைக்காட்டில் ஈரம் உண்டு என்பது உண்மை. ஆனால் அவிகுலாரியா இருப்பது தரையில் அல்ல, உயரத்தில், இலைகளுக்கு நடுவே. மழை பெய்த கொஞ்ச நேரத்தில் அங்கே காற்று அடித்து எல்லாம் உலர்ந்துவிடும். நாம் ஈரத்தை மட்டும் கொண்டுவந்துவிட்டுக் காற்றை மறந்துவிடுகிறோம்.

அதனால் எண்ணைத் துரத்த வேண்டாம், ஈரப்பத மீட்டரையும் எடுத்து வையுங்கள். டப்பாவின் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே, நிறைய ஓட்டை போடுங்கள். காற்று குறுக்கே ஓட வேண்டும். ஓட்டை குஞ்சின் உடம்பைவிடச் சிறியதாக இருக்கட்டும். அடியில் தேங்காய் நார்த்தூள், அதன் ஒரு மூலை மட்டும் நனைந்திருக்கட்டும். வாரம் ஒருமுறையோ இரண்டு முறையோ வலையின் ஓரத்தில் சில துளிகள் தெளித்தால் குஞ்சு வந்து குடித்துக்கொள்ளும். மறுநாள் சுவர் உலர்ந்திருக்க வேண்டும். உலரவில்லை என்றால் ஓட்டை போதவில்லை என்று அர்த்தம்.

தரை டரான்டுலாவுக்கு வாங்கிய, மேலே திறக்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. பயன்படுத்தலாமா? (லூட்டன்)

வேண்டாம். மரத்தில் வாழ்பவை கூடு கட்டுவது மேல் மூலையில். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வீட்டுக் கூரையைப் பிய்ப்பீர்கள், சிலந்தியும் உங்கள் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அகலத்தைவிட உயரம் கூடிய, முன்பக்கம் திறக்கும் பெட்டி வாங்குங்கள். சாய்த்து நிறுத்திய ஒரு கார்க் மரப்பட்டை, மேல்பாதியில் சில பிளாஸ்டிக் இலைகள், ஒரு தண்ணீர்க் கிண்ணம். இவ்வளவுதான். விளக்கு வேண்டாம். வீட்டுக்குள் 20 முதல் 26 டிகிரி இருந்தால் சூடேற்றும் பாயும் வேண்டாம்.

மூன்று வாரமாக எதையும் சாப்பிடவில்லை. வலையால் தன்னை மூடிக்கொண்டுவிட்டது. பிரித்துப் பார்க்கட்டுமா? (கிராய்டன்)

தொடவே தொடாதீர்கள்! சட்டை உரிக்கப் போகிறது. உள்ளே சுவர்க்கோழி ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். உரிக்கும் நேரத்தில் சிலந்தியால் நகரக்கூட முடியாது, பசித்த சுவர்க்கோழி அதைக் கடித்துத் தின்றுவிடும்.

உரித்து முடித்ததும் நச்சுப்பற்களைக் கவனியுங்கள். முதலில் பால் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகுதான் இரை. குஞ்சென்றால் ஒரு வாரம் பொறுங்கள், பெரியதென்றால் இரண்டு வாரம். இரை எப்போதும் அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

உரித்த தோலை எறிந்துவிடாதீர்கள். வயிற்றுப் பகுதியைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக விரித்துப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியும்.

கால்களெல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டுவிட்டன. இறந்துவிட்டதா? (ரெடிங்)

இன்னும் இல்லாமல் இருக்கலாம், உடனே செயல்படுங்கள். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கியமான மூட்டுகளில் நீட்டத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தித்தான் நீட்டுகிறது. உடம்பில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும், கால் சுருளும்.

ஒரு சிறு டப்பாவில் நனைத்துப் பிழிந்த சமையலறைக் காகிதத்தை விரியுங்கள். சிலந்தியை மென்மையான தூரிகையால் நகர்த்தி அதில் விடுங்கள். வாய் இருப்பது நச்சுப்பற்களுக்குப் பின்னால், அடிப்பக்கம். அங்கே படும்படி ஒரு தண்ணீர்த் துளி வையுங்கள். மூழ்கடிக்காதீர்கள். என்னிடம் இருந்த ஒரு கரிபெனா இப்படிக் கிடந்து, 3 மணி நேரம் கழித்து முன்னங்கால் ஒன்றை அரை செ.மீ. நகர்த்தியது. மறுநாள் காலையில் சுவரில் ஏறி நின்றது. ஆனால் வயது முதிர்ந்த ஆணாக இருந்தால் இது அதன் முடிவாகவும் இருக்கலாம். முன்பக்கச் சிறு கால்களின் நுனி குமிழ் போல உருண்டிருந்தால் அது முதிர்ந்த ஆண். பெண்கள் பல ஆண்டுகள் வாழும், ஆணுக்கு முதிர்ந்த பிறகு சில மாதங்கள்தான்.

கையில் எடுத்துப் பழக்கலாமா? (ஹாரோவிலிருந்தே இன்னொருவர்)

அதற்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. எடுக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் வளர்க்கலாமா? 'சிங்கப்பூர் ப்ளூ' என்றே ஒன்று இருக்கிறதே? (சிங்கப்பூர்)

அந்தச் சிலந்தி உங்கள் பக்கத்து மண்ணைச் சேர்ந்ததுதான், 1924-ல் பெயர் வைத்தார்கள். ஆனால் சிங்கப்பூரில் டரான்டுலாவை வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம். ஆசைப்படாதீர்கள்.

எங்கள் தோப்புப் புளியமரப் பொந்தில் உள்ளங்கை அளவு சிலந்தி இருக்கிறது, உடம்பெல்லாம் கோலம் போட்ட மாதிரி. பிடித்து வளர்க்கலாமா? அல்லது வெளிநாட்டிலிருந்து குஞ்சு வரவழைக்கலாமா? (ராமநாதபுரம்)

இரண்டுமே வேண்டாம் ஐயா. ஏன் என்று சொல்கிறேன்.

படம் பார்க்காமல் இனத்தைச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மாவட்டம் சாதாரண இடமில்லை. ராமேஸ்வரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கிடைத்த ஒரு பொய்சிலோதீரியாவுக்கு அந்தக் கோயிலின் பெயரையே வைத்து, 2004-ல் ஹனுமவிலாசுமிகா என்று அறிவித்தார்கள். அது வாழும் பரப்பு மிகச் சிறியது. அதுவும் அழிவின் விளிம்பில். அரக்கோணத்தில் கிடைத்ததை வைத்துப் பெயரிட்ட ரீகாலிஸும் இதே பேரினம்தான். ஐரோப்பாவில் வளர்ப்பவர்கள் காசு கொடுத்துத் தேடும் சிலந்தி, உங்கள் தோப்பில் தானாகவே குடியிருக்கிறது. 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களும் இப்போது அதற்குள் வருகின்றன.

வரவழைப்பது பற்றி: 2020 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பொட்டலத்தைச் சென்னைச் சுங்கத் துறை பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகளில் உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இறக்குமதி உரிமமும் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை. திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில் குஞ்சுகள் பட்டிருக்கும் பாட்டை நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.

உங்களுக்கு டப்பாவே தேவையில்லை. இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், மரத்திலிருந்து இரண்டு கை தூரம் தள்ளி நில்லுங்கள். பொந்து வாயில் முன்னங்கால்கள் முதலில் தெரியும். கால்களின் அடிப்பக்கம் மஞ்சளா, வெள்ளையா என்று பாருங்கள். முடிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சில சமயம் தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் இருக்கும், அதனால் குச்சி விட்டுக் குடையாதீர்கள். அந்த மரத்தில் பட்டுப்போன கிளை இருந்தால் விறகுக்கு வெட்டாமல் விட்டுவையுங்கள். பிள்ளைகள் கை விடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.