கொலுசு கறுத்தா கெமிஸ்ட்ரி மேஜர்: வாசகிகள் கேள்வி, ரிட்டயர்ட் கெமிஸ்ட்ரி மிஸ் பதில்

போன இதழ்ல "மகளிர் கல்லூரி கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் பத்தி என்ன வேணாலும் கேளுங்க"ன்னு ஒரு சின்ன கட்டம் போட்டாலும் போட்டாங்க, ஒரு பை நிறைய கடுதாசியும் அதுக்கு மேல வாட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிருச்சு. நான் தென் மாவட்டத்துல ஒரு மகளிர் கல்லூரில 31 வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவ. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததச் சேத்து எழுதிருக்கேன், யார் பேரும் போடல.

கேள்வி (தேனியில இருந்து ஒரு அம்மா): மேடம், என் பொண்ணுக்கு பக்கத்து டவுன்ல மகளிர் கல்லூரில பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கிடைச்சிருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காம இத எடுத்து என்ன பண்ணப்போறான்னு என் நாத்தனார் வீட்ல கேக்குறாங்க. சேக்கலாமா?

பொண்ணுக்கு புடிச்சிருக்கான்னு கடுதாசில ஒரு வரி கூட இல்லையேம்மா, மொதல்ல அத அவகிட்ட கேளுங்க. புடிச்சிருந்தா தாராளமா சேருங்க. ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்லிடுறேன், வெறும் பி.எஸ்சி.யோட நின்னா கிடைக்கிறது கம்பெனில க்யூசி லேப் வேலை, அதாவது சரக்கு தரமா இருக்கான்னு சோதிக்கிறது, மருந்து கம்பெனி, பெயிண்ட், சாய லேப், தண்ணி டெஸ்ட் பண்ற லேப் இப்படி, சம்பளம் ஆரம்பத்துல சுமார்தான், சில இடத்துல ஷிஃப்ட்டும் இருக்கும். எம்.எஸ்சி. முடிச்சா கதை வேற. பி.எட். போட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு டிஆர்பி பரீட்சை எழுதலாம், நெட்னு தேசிய அளவுல ஒரு தகுதிப் பரீட்சை எழுதி ஆராய்ச்சிக்குப் போகலாம், ஐஐடில எம்.எஸ்சி. படிக்க ஜாம்னு ஒரு பரீட்சை இருக்கு, அது இருக்குறதே நம்ம ஊர்ப் பக்கத்து பிள்ளைகளுக்கு மூணாவது வருஷம் கடைசிலதான் தெரியுது, அப்பத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம். உங்க பொண்ணுகிட்ட ரெண்டாவது வருஷமே சொல்லி வைங்க. காரைக்குடில சிக்ரி இருக்கு, அடையார்ல சிஎல்ஆர்ஐ இருக்கு, ரெண்டுமே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம், ஒண்ணு மின்வேதியியல், இன்னொண்ணு தோல். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பண்ண என் பிள்ளைக அங்கெல்லாம் போயிருக்காங்க. அப்புறம் உங்க பொண்ணு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வரும், 2022ல ஆரம்பிச்சது, பின்னாடி எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் சேத்துட்டாங்க. நாத்தனாருக்கு இந்தக் கணக்கு புரியும்.

கேள்வி (விருதுநகர்): மிஸ், நான் செகண்ட் இயர். லேப் இருக்குற நாள்ல வீட்டுக்குப் போனா அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுன்னு எங்க ஆச்சி வாசல்லயே நிறுத்திடுறாங்க. போன வாரம் வெள்ளிக் கொலுசு வேற கறுத்துப்போச்சு. தோஷம்னு சொல்லி கழட்டச் சொல்றாங்க.

தோஷமும் இல்ல ஒண்ணும் இல்ல கண்ணு, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சால்ட் அனாலிசிஸ்ல, அதாவது குடுத்த உப்புல என்ன உலோகம் இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுல, ரெண்டாவது க்ரூப் பாக்குறதுக்கு அந்த கேஸ விடுவீங்கல்ல, கிப்ஸ் அப்பரேட்டஸ்னு கேஸ் தயாரிக்கிற கண்ணாடிக் கருவில இரும்பு சல்ஃபைடு கட்டி மேல ஆசிட் பட்டு வர்றது, அதுதான் வெள்ளியோட சேந்து கறுப்பா சில்வர் சல்ஃபைடு ஆயிடுது. எங்க காலத்துல ஒரு பொண்ணு கெமிஸ்ட்ரி மேஜரா ஹிஸ்டரி மேஜரான்னு கொலுசப் பாத்தே சொல்லிடலாம். சரி பண்றது சுலபம். ஒரு பாத்திரத்துல அலுமினியம் ஃபாயில் விரிச்சு, கொலுச அது மேல படுற மாதிரி வெச்சு, நல்லா கொதிக்கிற தண்ணி ஊத்தி ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா போடு, கொஞ்ச நேரத்துல கறுப்பு போகும், லேசா அதே முட்டை நாத்தமும் வரும், ஆச்சி இல்லாதப்போ பண்ணு. இதுல அழகு என்னன்னா தேய்ச்சா வெள்ளி தேயும், இதுல அலுமினியம் போய் கந்தகத்த வாங்கிக்கிட்டு வெள்ளிய வெள்ளியாவே திருப்பிக் குடுத்துடுது. கல்லு பதிச்ச கொலுசுல மட்டும் செய்யாத.

ஆனா நாத்தத்த விளையாட்டா எடுத்துக்காத. கொஞ்சமா இருக்குறப்பதான் அது நாறும், அளவு கூடிட்டா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது, அதுதான் ஆபத்து. கிப்ஸ் வெச்சிருக்குற ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலைன்னா தயங்காம மிஸ்கிட்ட சொல்லு. நான் வேல பாத்த இடத்துலயே அந்த ஃபேன் ஒரு வருஷத்துக்கு மேல ஓடாம கெடந்துச்சு, லெட்டர் மேல லெட்டர் எழுதி அலுத்துப்போய் கடைசில எங்க டிபார்ட்மெண்ட் ஆளுக காசு போட்டு சரி பண்ணோம், ஃபவுண்டர்ஸ் டே பந்தலுக்கு மட்டும் உடனே சேங்ஷன் ஆச்சு.

கேள்வி (மூணு பேர் கேட்டது, ஒருத்தர் மன்னார்குடி): அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், கை விரல்ல கறுப்பும் பிரவுனும் மஞ்சளுமா கறை. எப்படி எடுக்கறது?

கலர பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும். பிரவுன்னா பெர்மாங்கனேட், எலுமிச்சம்பழத்த நறுக்கி தேய்ங்க, போயிடும். அயோடின் கறையா இருந்தா லேப்லயே ஹைப்போ கரைசல் இருக்கும், ஒரு சொட்டு போதும், அப்புறம் கைய கழுவிடுங்க. கறுப்பு திட்டுன்னா சில்வர் நைட்ரேட், அது பட்டப்போ தெரியாது, வெளிச்சம் பட்டப்புறம்தான் கறுக்கும், தோல் உரிஞ்சு தானாதான் போகணும், ஒரு வாரம் பத்து நாள். மஞ்சள்னா நைட்ரிக் ஆசிட். அது கறையே இல்லம்மா, உங்க தோல்ல இருக்குற புரோட்டீனே நைட்ரிக் ஆசிட்டோட சேந்து மஞ்சளாயிடுச்சு, புரோட்டீன் டெஸ்ட்னு நீங்களே டெஸ்ட் ட்யூப்ல பண்ணிருப்பீங்க. ஒண்ணும் பண்ண முடியாது. மருதாணி வெச்சிக்கோங்க, எவனுக்கும் தெரியாது.

கேள்வி (பேர், ஊர் வேண்டாம்): பீரியட்ஸ் நேரத்துல லேப்புக்குப் போனா கர்ப்பப்பைக்கு கெடுதல்னு அம்மா சொல்றாங்க. நிஜமா?

இல்லவே இல்ல. வயித்து வலி தாங்கலைன்னா உக்காந்துக்கோ, ஸ்டூல் குடுக்கச் சொல்லு, அவ்ளோதான், கெமிக்கலுக்கு உன் தேதி தெரியாது. நிஜமாவே ஜாக்கிரதையா இருக்க வேண்டியது கர்ப்பமா இருக்குறவங்க. எம்.எஸ்சி.ல கல்யாணம் ஆன பிள்ளைக நிறைய வருவாங்க, மூணு மாசம் வரைக்கும் வாயே திறக்க மாட்டாங்க, கண்ணு பட்டுருமாம். அந்த மூணு மாசந்தான் முக்கியமே. ஈயம், மெர்குரி, பென்சீன் மாதிரி சால்வெண்ட்ல எல்லாம் கை வைக்காம மாத்து எக்ஸ்பெரிமெண்ட் குடுக்கலாம், ஆனா எங்களுக்குத் தெரிஞ்சாத்தானே. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஸ்டாஃப் ஒருத்தர்கிட்ட தனியா சொன்னா போதும்.

கேள்வி (திண்டுக்கல்): ப்ராக்டிகல் எக்ஸாம்ல குடுக்குற சால்ட்ட லேப் அக்கா பாத்தே சொல்லிடுவாங்களாமே?

சொல்லுவாங்க. எங்க லேப் அக்கா பத்தாவது வரைக்கும்தான் படிச்சவங்க, பாட்டிலத் தூக்கிப் பாத்தே "வெயிட்டா இருக்கு, லெட்டு"ன்னுவாங்க, லெட்டுன்னா ஈயம். கலர் சால்ட்னா யார் வேணாலும் சொல்லலாம், நீலம்னா காப்பர், பச்சைன்னா நிக்கல், ரோஸ்னா கோபால்ட். வெள்ளைதான் மாட்டி விடும். அதுக்காக அக்காவ நச்சரிக்காதீங்க, அவங்க வேலைக்கு வேட்டு வைக்காதீங்க. லெட் வந்தா நீங்களே கண்டுபிடிக்கலாம், சந்தோஷமாவும் இருக்கும். பொட்டாசியம் அயோடைடு விட்டா மஞ்சளா கெட்டியா எறங்கும்ல, அதுல தண்ணி விட்டுக் கொதிக்க வெச்சா கரைஞ்சு நிறமே இல்லாம ஆயிடும், அப்படியே குழாய்த் தண்ணில டெஸ்ட் ட்யூபக் காட்டி ஆற விட்டா தங்கத்தூள் மாதிரி மினுமினுன்னு மேலயிருந்து எறங்கும் பாருங்க. முப்பது வருஷம் பாத்திருக்கேன், ஒவ்வொரு பேட்ச்லயும் யாராச்சும் ஒருத்தி "மிஸ்ஸ்ஸ்"னு கத்துவா. பாத்துட்டு அத சிங்க்ல ஊத்தாதீங்க, ஈயம், தனி பாட்டில்ல ஊத்துங்க.

கேள்வி (மதுரை, ஒரு அப்பா): பெண்கள் மட்டும் படிக்கிற காலேஜ்ல சயின்ஸ் டிபார்ட்மெண்ட் பேருக்குத்தான் இருக்கும், சீரியஸா படிக்கணும்னா கோ-எட்ல போடணும்னு சொல்றாங்களே?

யாரு சார் சொல்றாங்க? நான் ரெண்டு பக்கமும் பாத்தவ, எம்.எஸ்சி. கோ-எட்லதான் படிச்சேன். அங்க லேப்ல என்ன நடந்துச்சு தெரியுமா, பர்னர் பத்த வைக்கிறது பையன், பெரிய ஆசிட் ஜாடியத் தூக்கி ஊத்துறது பையன், கிப்ஸ் கழட்டுறது பையன், நாங்க ரெக்கார்ட் நோட்டு அழகா எழுதுவோம். யாரும் எங்கள தடுக்கல, அதுவா அப்படி ஆயிடும். மகளிர் கல்லூரில அந்த வசதி கிடையாது. சிலிண்டர் மாத்தணுமா நீதான் மாத்தணும், கிப்ஸ் மக்கர் பண்ணா நீதான் கழட்டணும், கண்ணாடிக் குழாய வளைக்கணுமா சூடு பட்டு நீதான் கத்துக்கணும். மூணு வருஷம் கழிச்சு எந்த மெஷினப் பாத்தாலும் அந்தப் பிள்ளைக பயப்படாது.

பெரிய ஆளுக வரலையான்னா, கேளுங்க. கல்கத்தால லேடி பிரபோர்ன் காலேஜ்னு ஒரு மகளிர் கல்லூரி, 1939ல ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே அங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்ட ஆரம்பிச்சு அதுக்கு ஹெட்டா இருந்தவங்க அசிமா சாட்டர்ஜி, அப்போ அவங்களுக்கு 22, 23 வயசுதான். அங்க வேல பாத்துக்கிட்டே 1944ல கல்கத்தா யுனிவர்சிட்டில டி.எஸ்சி.ங்கற டாக்டர் பட்டம் வாங்குனாங்க, இந்திய யுனிவர்சிட்டில அந்தப் பட்டம் வாங்குன மொத பொண்ணு அவங்கதான். 1947ல கைக்குழந்தையோட, குழந்தையப் பாத்துக்க ஒரு அம்மாவையும் கூட்டிக்கிட்டு அமெரிக்கா போய் ஆராய்ச்சி பண்ணாங்க. 1961ல அறிவியலுக்கான பட்நாகர் பரிசு, அதுவும் பெண்கள்ல மொத ஆள். அவங்க ஆராய்ச்சி பண்ண செடி என்னன்னு பாத்தா, சர்ப்பகந்தி, அப்புறம் நம்ம வீட்டு வாசல்ல பூக்குற நித்தியகல்யாணி இனம், வலிப்புக்கு மருந்து எடுத்தது வாய்க்கால் ஓரத்துல மொளைக்கிற ஆரக்கீரை ஜாதி. நம்ம ஆச்சிக பறிச்சு வந்து கடைஞ்சு ஊத்துன கீரை சார் அது.

வெளிநாட்டுலன்னா ஆக்ஸ்ஃபோர்ட்ல சாமர்வில்னு ஒரு காலேஜ், 1994 வரைக்கும் பொண்ணுங்க மட்டுந்தான். டோரதி ஹாட்ஜ்கின் அங்கயே படிச்சு அங்கயே கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தவங்க, கை மூட்டெல்லாம் வாதத்துல கோணிப்போயும் எக்ஸ்ரேயில படிகத்தப் படிச்சு 1964ல நோபல் வாங்குனாங்க, இன்சுலின் எப்படி இருக்கும்னு கண்டுபிடிக்க 1934ல தொடங்கி 1969 வரைக்கும் விடல. அவங்ககிட்ட படிச்ச ஒரு பொண்ணு பின்னாடி இங்கிலாந்து பிரதமர் ஆச்சு, மார்கரெட் தாட்சர். ரெண்டு பேருக்கும் அரசியல்ல ஏழாம் பொருத்தம், அது தனிக் கதை.

சென்னைல ராணி மேரி கல்லூரி 1914, விமன்ஸ் கிறிஸ்டியன் 1915. நூறு வருஷம் தாண்டியாச்சு சார். காலேஜ் பாக்கப் போறப்போ ஒண்ணு பண்ணுங்க, கேன்டீனையும் ஹாஸ்டலையும் பாத்துட்டு வந்துடாம லேப்பக் காட்டச் சொல்லுங்க. ரியேஜென்ட் பாட்டில் ஃபுல்லா இருக்கா, சிங்க்ல தண்ணி வருதா, பிள்ளைக நின்னு வேல பாக்குறாங்களா, ஒருத்தி பண்ண அஞ்சு பேரு பாக்குறாங்களா, அதப் பாருங்க. கோ-எட்டா இருந்தாலும் இதத்தான் பாக்கணும்.

கேள்வி (நாகர்கோவில்): லேப்ல ஆசிட் இருக்குமே, கல்யாணம் பண்ண வேண்டிய பொண்ணு, மூஞ்சில பட்டுட்டா?

கல்யாணம் பண்ணாத பொண்ணுன்னா பட்டா பரவால்லையாம்மா? கண்ணாடி, காட்டன் கோட்டு போடணும், துப்பட்டாவ கோட்டுக்குள்ள பின் பண்ணிடணும், பின்னல மடிச்சுக் கட்டணும். நைலான் துப்பட்டாவும் பர்னரும் ஆகவே ஆகாது, எனக்கு ஆசிட்ட விட அதுலதான் பயம். நீர்த்த ஆசிட் தயார் பண்றப்போ ஆசிட்டத்தான் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், தண்ணிய ஆசிட்ல ஊத்துனா தெறிக்கும். பட்டுட்டா குழாயத் திறந்து கால் மணி நேரம் தண்ணில காட்டணும், பேஸ்ட்டு, இங்க்கு எல்லாம் தடவக் கூடாது, அப்புறம் டாக்டர். 2013ல சுப்ரீம் கோர்ட்டு ஆசிட் விக்கிறதுக்கு கட்டுப்பாடு போட்டப்புறம் காலேஜ்லயும் ரிஜிஸ்டர் வெச்சு எவ்ளோ வந்துச்சு எவ்ளோ செலவாச்சுன்னு எழுதணும், அதனால பழையபடி அலமாரி திறந்து கெடக்குறதில்ல.

கேள்வி (ஃபர்ஸ்ட் இயர், புதுக்கோட்டை): பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல எனக்கு எண்ட் பாயிண்ட் எப்பவும் தாண்டிப் போயிடுது மிஸ். ரெண்டு வேல்யூ ஒத்தே வர மாட்டேங்குது. அடுத்த வாரம் மாடல் எக்ஸாம்.

மத்தவங்களுக்கு ஒரு வரி: ப்யூரெட்ங்கற அளவுக் குழாய்ல இருந்து பெர்மாங்கனேட்ட சொட்டு சொட்டா விட்டு, நிறம் மாறுறப்போ நிறுத்தி அளவு பாக்குறதுதான் இந்த டைட்ரேஷன், நிறம் மாறுற அந்தக் கட்டந்தான் எண்ட் பாயிண்ட். ஃப்ளாஸ்க்ல ஆக்சாலிக் ஆசிட்தானே? நீ அவசரப்படுற. மொத சொட்டு விழுந்ததும் கலர் போகாம நிக்கும், அதப் பாத்து முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிடாத, ஆட்டிக்கிட்டே காத்திரு, அந்த மொத சொட்டுல உண்டாகுற மாங்கனீஸ்தான் மத்த சொட்ட வேகமா இழுக்கும். ஃப்ளாஸ்க்கு அடிய தொட்டா கை லேசா சுடணும், 60, 70 டிகிரி, ஆறிட்டா திரும்ப சூடு பண்ணு. பிரவுனா கலங்குனா சல்ஃப்யூரிக் ஆசிட் பத்தலைன்னு அர்த்தம், கொட்டிட்டு புதுசா எடு. ப்யூரெட்ல மேல் மட்டத்தப் படி, கரைசல் கறுப்பா இருக்குறதால கீழ் வளைவு தெரியாது. ரெண்டு டைட்ரேஷனுக்கும் ஒரே மாதிரி படிச்சாத்தான் ஒத்து வரும். முடியப்போறப்போ சொட்ட முழுசா விடாத, நுனில பாதி தொங்க விட்டு ஃப்ளாஸ்க்கு உள் பக்கம் தொட்டு, வாஷ் பாட்டில்ல கழுவி எறக்கு. ரோஜா கலர் அர நிமிஷம் நின்னா முடிஞ்சிருச்சு, டார்க் பிங்க் வந்தா போச்சு. அடியில ஒரு வெள்ளை பேப்பர் வெச்சுக்கோ, ரெக்கார்ட் நோட்டுல கிழிக்காத, உங்க மிஸ் திட்டுவாங்க.