சிறப்பு விருந்தினர் எதற்கு?

கேள்வி: டொராண்டோவில் பல்கலைக்கழக மாணவன் நான். ஈரானிய நண்பர்களோடு சேர்ந்து, வளாகத்தில் மாணவர்களே நடத்தும் ஈரானியத் திரைப்பட விழா ஒன்றைத் தொடங்க ஆசை. என்னென்ன படங்கள் போடலாம்? சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம்?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: முதல் பாதி நல்ல கேள்வி. இரண்டாம் பாதியைப் படித்ததும் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. கடல் தாண்டிப் போயும் சிறப்பு விருந்தினரை விட மாட்டீர்களா?

நம்மூர்த் திரையிடல்களில் இவர்களை நிறையப் பார்த்தவன் நான். ஆறு மணிக்குப் படம் என்று அழைப்பிதழில் இருக்கும். ஆறே முக்காலுக்குக் கார் வரும். பொன்னாடை, நினைவுப் பரிசு, அப்புறம் மைக். "இந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும்..." என்று தொடங்கி, பார்க்காத படத்தின் முடிவையும் சொல்லிவிடுவார். பிறகு அவசர வேலை இருப்பதாகக் கிளம்புவார். அவரை வழியனுப்ப நிர்வாகிகள் மொத்தமாகக் கார் வரை போவார்கள். புரொஜக்டரின் ரிமோட் செயலாளரின் சட்டைப் பையில் இருக்கும்.

ஈரானிலிருந்தே ஓர் இயக்குநரை வரவழைக்கலாமே என்பீர்கள். 2001இல் ஜாபர் பனாஹி ஹாங்காங்கிலிருந்து புவனோஸ் ஐரிஸ் போகும் வழியில் விமானம் மாற நியூயார்க்கில் இறங்கினார். கைரேகை தர மறுத்தார் என்று சங்கிலியில் பிணைத்து மணிக்கணக்கில் உட்கார வைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க் திரைப்பட விழாவுக்கு வர அப்பாஸ் கியரோஸ்தமிக்கு விசா கிடைக்கவில்லை. 1997இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப் பனை வாங்கியவர் அவர். ஃபின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி கோபித்துக்கொண்டு தானும் அந்த விழாவுக்குப் போகவில்லை. உங்கள் கனடா 2012லேயே தெஹ்ரான் தூதரகத்தை மூடிவிட்டது. சொந்த நாட்டு அரசு இவர்களை நடத்திய விதம் இன்னும் மோசம். 2010இல் கான் நடுவர் குழுவுக்கு அழைக்கப்பட்ட பனாஹி அப்போது ஈரானியச் சிறையில் இருந்தார்; மேடையில் அவர் பெயரோடு ஒரு நாற்காலியைக் காலியாக வைத்தார்கள். 2011இல் பெர்லின் விழாவிலும் அவருக்குக் காலி நாற்காலிதான். நீங்களும் ஒரு காலி நாற்காலி போடுங்கள். பொன்னாடைச் செலவு மிச்சம், பேசவும் பேசாது.

சிறப்புரைக்கு ஒதுக்கிய நேரத்தில் 'தி ஹவுஸ் இஸ் பிளாக்' போடுங்கள். ஈரானியக் கவிஞர் ஃபோரூக் ஃபரோக்ஸாத் 1962இல் தப்ரீஸ் பக்கம் ஒரு தொழுநோயாளர் குடியிருப்பில் எடுத்த படம். அங்கிருந்த ஒரு சிறுவனை அவர் தத்தெடுத்துக்கொண்டதும், 32 வயதில் கார் விபத்தில் இறந்ததும் பின்கதை. படம் 22 நிமிடம்தான். நம் பேச்சாளர்களில் எவரும் 22 நிமிடத்தில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

மற்ற படங்களை உங்கள் ஈரானிய நண்பர்களே தேர்ந்தெடுக்கட்டும். நம்மிடம் விட்டால் காணாமல் போன ஷூ ('சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'), மாறிப்போன நோட்டு ('வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹோம்?') என்று குழந்தைகளையே ஓட விட்டுக்கொண்டிருப்போம். நல்ல படங்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விமர்சகர் ஒருவர் இருக்கிறார், எனக்கும் அவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை, ஈரானியப் படம் என்றாலே "கவித்துவம்" என்று கண்ணை மூடிக்கொள்வார். சப்டைட்டிலை எப்படிப் படித்தார் என்று ஒருமுறை கேட்டேன். பேச்சுவார்த்தை நின்றது அப்போதுதான். அவருக்கு 'மர்மூலக்' போட்டுக் காட்ட வேண்டும். சிறையிலிருந்து தப்பிய திருடன் முல்லா வேடம் போட்டு மாட்டிக்கொள்ளும் கதை. 2004இல் ஈரானில் கூட்டம் அலைமோதியது. சில வாரங்களிலேயே அரங்குகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். தாரியுஷ் மெஹ்ர்ஜூயியின் 'ஹாமூன்' இன்னொன்று. மனைவி விவாகரத்து கேட்க, படித்த மனிதர் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக நிலைகுலைவார். ஒரு தலைமுறை ஈரானியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய படம்.

தேர்வில் சண்டை வரும். அரசுத் தணிக்கை தாண்டி வந்த படத்தைத் தொடக்கூடாது என்பார் ஒருவர். தடை செய்த படங்களையே போட்டால் நம் நாட்டில் சிறையைத் தவிர எதுவும் இல்லை என்று ஆகிவிடாதா என்பார் இன்னொருவர். போராடிக்கொள்ளட்டும். புலம்பெயர்ந்தவர்களின் இந்தச் சண்டையை டொராண்டோத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உரிமை விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஓடிடி சந்தா வீட்டில் பார்க்கத்தான். அரங்கில் போட விநியோகஸ்தரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். கியரோஸ்தமி படங்கள் பலவும் பாரிஸில் எம்கே2 நிறுவனத்திடம் இருக்கின்றன. அதற்கு முன் பல்கலைக்கழக நூலகரைப் பாருங்கள். சில படங்களைப் பொதுத் திரையிடல் உரிமையோடு நூலகமே வாங்கி வைத்திருக்கலாம்.

தேநீர் கட்டாயம். ஈரானியர்கள் கறுப்புத் தேநீரைத்தான் குடிப்பார்கள், சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு. தேநீர்ப் பொறுப்பைத் தமிழ் மாணவர் எவரிடமும் கொடுக்காதீர்கள். பாலை ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, "எங்கள் ஊர் டீ" என்று தொடங்கிவிடுவார்.